ஐந்து சிவப்புகளைக் காணோம்

அகராதிக்காரர்கள் சண்டை போட்டால் நல்ல தமிழில் போடுவார்கள் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தப்பு. நாங்கள் இரண்டாவது மாடிக்குப் படியேறி முடிப்பதற்குள் காதில் விழுந்த வசவுகளில் பாதி எந்த அகராதியிலும் ஏறாது.

கத்திக்கொண்டிருந்தவர் அகராதியின் ஆசிரியர். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, இரண்டும் இன்னும் எழுதிப் பார்க்காதவை போலப் பளபளப்பு. கத்தலை வாங்கிக்கொண்டு நின்றவர் தொகுப்பாளர் அம்மாள். பத்தொன்பது வருஷமாக இந்த அகராதிக்குச் சொல் சேர்ப்பவர், எங்களுடைய கட்சிக்காரர். மேஜைக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் முதலாளியம்மா. பதிப்பகம் அவருடையது, ஆசிரியர் அவருடைய கணவர். அகராதியைத் தொடங்கிய பெரியவர் அவருடைய அப்பா. பெரியவர் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர, மாமனார் நாற்காலியில் மருமகன் ஏறிவிட்டார்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவர் என்பதால் உலகத்தில் அவரால் படிக்க முடியாதது எதுவும் இல்லை. நான் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். இருவரும் ஒரே வாரத்தில் வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தோம். அவர் கண்டுபிடிப்பார், நான் வண்டி ஓட்டுவேன், இடையிடையே பேசுவேன். ஆம்புலன்ஸ் காலத்தில் என் பேச்சைப் பற்றிப் புகாரே வந்ததில்லை. ஏறியவர்களில் பாதிப் பேர் பேசும் நிலையில் இல்லை.

“இவங்க யாரு?” என்றார் ஆசிரியர்.

“நான் கூப்பிட்டேன்” என்றார் தொகுப்பாளர்.

“திருடினவங்களே துப்பறியறவங்களைக் கூட்டிட்டு வர்றது இப்பத்தான் பாக்கறேன்.”

எங்களுக்கு நாற்காலி போடவில்லை. சிஸ்டர் நின்றபடியே விஷயத்தைக் கேட்டார். நடந்தது இதுதான். ஒரு சுவர் முழுக்க மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது: மரம், நோய், துணி, உறவு, சிவப்பு என்று. பெட்டிக்குள் மூன்று விரல் அகலத்தில் நீளமான சீட்டுகள், சீட்டுக்கு ஒரு சொல், சொல்லுக்குக் கீழே பொருள், அது பிறந்த கதை. அதில் சிவப்புப் பெட்டியிலிருந்து சீட்டுகள் காணாமல் போய்விட்டன. தொகுப்பாளர் அவற்றைப் பேராசிரியருக்குக் கொடுத்துவிட்டார் என்று ஆசிரியர் சொல்கிறார். பேராசிரியர் என்பவர் இந்த அகராதியின் பரம எதிரி. முதல் தொகுதி வெளிவந்தபோது நாற்பது பக்கத்துக்கு மறுப்பு எழுதி, அதில் முப்பத்தொன்பது பக்கத்தில் திட்டி, மீதிப் பக்கத்தில் அடிக்குறிப்பு போட்டவர்.

“நாலு மணி வரைக்கும் டைம். சீட்டு வரலைன்னா போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன்” என்றார் ஆசிரியர். அதே நாலு மணிக்குத்தான் இரண்டாம் தொகுதியின் தலைப்பக்கம் அச்சுக்குப் போகிறது. அதன் நகல் மேஜைமேல் கிடந்தது. ஆசிரியர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தொகுப்பாளர் பெயரைத் தேடினேன். அது தலைப்பக்கத்திலேயே இல்லை. பின்னால் ‘உதவியவர்கள்’ என்ற பட்டியலில், பைண்டருக்கும் மின்சாரக்காரருக்கும் நடுவில் இருந்தது. போலீஸ் கேஸ் என்று ஆகிவிட்டால் அங்கேயும் இருக்காது. பத்தொன்பது வருஷம் எழுதிய கைக்கு மிஞ்சப்போவது திருடி என்ற பெயர் மட்டும்தான்.

“எத்தனை சீட்டு போச்சு?” என்று கேட்டார் சிஸ்டர்.

“அஞ்சு” என்றார் தொகுப்பாளர்.

“ஆறு” என்றார் ஆசிரியர். “எடுத்தவங்களுக்கே எண்ணத் தெரியல.”

தொகுப்பாளர் ஐந்துதான் என்று மறுபடியும் சொன்னார். ஆசிரியர் ஆறு என்று மேஜையைத் தட்டினார். முதலாளியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிஸ்டர் ஒரு காகிதத்தை நீட்டி, காணாமல் போன சொற்களை எழுதிக் கொடுக்கும்படி ஆசிரியரைக் கேட்டார். அவர் தன் புதுப் பேனாவைத் திறந்து ஆறு சொல் எழுதினார். சிஸ்டர் அதை யாருக்கும் காட்டாமல் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அவங்க பையைச் சோதனை போட்டீங்களா?”

“போட்டேன். மேஜை, பை, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம். ஒண்ணும் இல்ல. வீட்டுல வெச்சிருப்பாங்க.”

சாப்பாட்டுப் பாத்திரம் என்றதும் தொகுப்பாளரின் முகம் சுருங்கியது. நாலு பேர் முன்னால் அவர் சோற்றைக் கிளறிப் பார்த்திருக்கிறார் இந்த மனிதர். எனக்கு அந்த இடத்திலேயே ஆசிரியரைப் பிடிக்காமல் போய்விட்டது. துப்பறிகிறவன் அப்படி முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாதாம். நான் துப்பறிகிறவன் இல்லை, டிரைவர்.

சிஸ்டர் பெட்டிகளைப் பார்க்கப் போனார். கூடவே தொகுப்பாளரும் வந்தார். நான் சிவப்புப் பெட்டியில் கையைவிட்டு ஒரு சீட்டை எடுத்தேன். செம்பருத்தி. திருப்பிப் பார்த்தேன். பின்னால் தண்ணீர்க் குழாய் விளம்பரம், பாதி. இன்னொன்றின் பின்னால் யாரோ ஒரு டாக்டர் விடுமுறையில் போகிறார் என்ற அறிவிப்பு.

“பின்பக்கம் பாக்காதீங்க” என்று தொகுப்பாளர் சீட்டைப் பிடுங்கி உள்ளே வைத்தார். அவருக்கும் எங்கள்மேல் பெரிய பிரியம் எதுவும் இல்லை. வேறு கதி இல்லாமல் கூப்பிட்டிருக்கிறார். அவர் விளக்கினார். பெரியவர் காலத்திலிருந்தே இங்கே ஒரு சட்டம்: ஒரு பக்கம் காலியாக எந்தக் காகிதம் கிடைத்தாலும் அது சீட்டு. விளம்பரம், பழைய கடிதம், அச்சுப் பிழை பார்த்த தாள், எல்லாவற்றையும் குறுக்கே வெட்டி அந்தக் காலிப் பக்கத்தில் எழுதுவார்கள். ஏற்கெனவே எழுதியிருக்கும் மறுபக்கத்தைத் தொகுப்பாளர் படிப்பதே இல்லை. படிக்க ஆரம்பித்தால் சொல் ஓடாது, கதைதான் ஓடும் என்றார்.

இன்னொரு சட்டமும் சொன்னார். ஒரு சொல்லுக்கு இன்று என்ன பொருள் என்பது இங்கே முக்கியமில்லை. அது முதன்முதலில் எதிலிருந்து பிறந்ததோ அந்தப் பெட்டியில்தான் போடுவார். அதனால்தான் காணாமல் போன சிவப்புச் சீட்டுகளில் செம்பு இருந்தது, செங்கல் இருந்தது, சிவல் என்ற பெயரில் ஒரு கவுதாரி கூட இருந்தது. எல்லாம் நிறத்தால் பேர் வாங்கியவை.

“பாத்திரக்கடை, சூளை, கறிக்கடை மூணையும் ஒரே பெட்டியில அடைச்சிருக்கீங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எந்தச் சொல் எந்தப் பெட்டி என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று சிஸ்டர் கேட்டார். பதிவேட்டில் சொல்லும் தேதியும்தான் உண்டு, பெட்டியை எழுதுவதில்லை என்றார். “எதுக்கு எழுதணும்? சொல்லைப் பார்த்தாலே தெரியுமே.”

அவருக்குத் தெரியும். அவ்வளவு தெரிந்தவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும் தெரிவதில்லை.

வாசல் பக்கம் கம்ப்யூட்டர்காரர் ஒருவர் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேனருக்குள் ஊட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். பொரிந்து தள்ளிவிட்டார். போன வாரம் வரை இரண்டு பக்கமும் படம் எடுத்தாராம். சிவப்புப் பெட்டி முடிந்த அன்று ஆசிரியர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று இனி முன்பக்கம் மட்டும் போதும், எடுத்த பின்பக்கப் படங்களையும் அழித்துவிடு என்றாராம். மூன்று நாள் வேலை வீண், யாரிடம் சொல்லி அழுவது என்றார். நானும் உச்சுக் கொட்டிவிட்டு இறங்கினேன். பிறத்தியார் ஆபீஸ் புலம்பல் நமக்கெதற்கு.

பேராசிரியர் வீடு நகரத்தின் மறு கோடியில். கம்பி வலைக் கதவுக்கு உள்ளே வந்து நின்றார், கதவைத் திறக்கவில்லை. அகராதி அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்றதும் உள்தாழ்ப்பாளையும் போட்டார்.

“அந்தக் குப்பைத்தொட்டியில இருந்து எனக்கு எதுவும் வேண்டாம்.”

“உங்ககிட்ட இருந்துதான் எங்களுக்கு வேணும். அஞ்சு சீட்டு” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, இந்த ஆள் பேசாமல் இருந்தால் பேசுகிறேன் என்று சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். வலைக்கு அந்தப்பக்கமிருந்து மனிதர் கால் மணி நேரம் நின்றுகொண்டே பாடம் நடத்தினார், சண்டை போடும் குரலில்.

சிவப்புக்குப் பேர் வைத்தவன் எவனும் பூவைப் பார்த்து வைக்கவில்லை, பூச்சியைப் பார்த்துத்தான் வைத்தான் என்பது அவர் கட்சி. வெளிநாட்டுக்காரன் கிரிம்சன் என்கிறானே, அதுவும் நம் வாயில் வரும் ‘கிருமி’யும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வெர்மிலியன் என்றால் குட்டிப் புழு. நம் அரக்கு, மரத்தில் பூச்சி விட்ட பிசின். மழை விட்டதும் மண்ணில் ஊர்கிற வெல்வெட்டுப் பூச்சிக்கு இந்திரகோபம் என்று பேர். பழைய பாட்டுக்காரர்கள் கடுஞ்சிவப்பைச் சொல்ல அதைத்தான் கூப்பிட்டார்கள். ஆகவே சிவப்பு என்றால் புழு. இதை அவர் நாற்பது பக்கத்தில் நிறுவினார். பதிலுக்குத் தொகுப்பாளர் அம்மாளிடமிருந்து வந்தது ஒரே ஒரு தபால் அட்டை.

“என்ன எழுதியிருந்தாங்க?” என்று கேட்டார் சிஸ்டர்.

அவர் அதைச் சொல்வதற்குள் தொண்டையை இரண்டு முறை செருமினார். “ஸ்கார்லெட் புழு இல்லை ஐயா, துணி. அவ்வளவுதான் எழுதியிருந்தா.”

விளக்கத்தையும் அவரே கொடுத்தார், பல் பிடுங்குகிற வேதனையோடு. ஸ்கார்லெட் என்பது முதலில் நிறத்தின் பெயரே இல்லையாம். விலை உயர்ந்த ஒரு கம்பளித் துணியின் பெயர். அதில் பச்சையும் உண்டு, நீலமும் உண்டு. பணக்காரர்கள் அதிகம் கேட்டது சிவப்புச் சாயம் என்பதால், நாளடைவில் துணியின் பேர் நிறத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. பாரசீகத்துப் பக்கம் நடமாடிய அதே துணிப்பேர்தான் இந்தப் பக்கம் வந்து சகலாத்து ஆனது. அந்த ஒரு சொல்லால் அவருடைய நாற்பது பக்கமும் கவிழ்ந்துவிட்டது.

“அப்ப அவங்கமேல கோபம் இருக்கணுமே” என்றார் சிஸ்டர்.

“இருக்கு. எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அதுக்காக அவ சீட்டைத் திருடினா அவ சொன்னது பொய்யாயிடுமா?”

சிஸ்டர் கைப்பையிலிருந்து ஆசிரியர் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து வலையில் ஒட்டிக் காட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். செக்கர், செம்பு, செங்கல், சிவல், துவர். இதெல்லாம் எந்த அகராதியிலும் கிடைக்குமே, இதைத் திருடுகிறவன் தண்ணீரைத் திருடுகிறவன் என்றார். பிறகு ஆறாவதைப் படித்தார். முதல் தடவையாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

“சகலாத்து. சிவப்புப் பெட்டியில காணோமாமா? இதை எழுதினது அந்த அம்மாவா?”

“இல்ல, ஆசிரியர்.”

“அதான பாத்தேன். மாமனார் அகராதியை எழுதினாரு. மருமகன் அதைத் தலைக்கு வெச்சுத் தூங்கறான்.”

சொல்லிவிட்டு மரக்கதவையும் சாத்திவிட்டார்.

வண்டியில் ஏறினோம். மணி இரண்டே முக்கால். சும்மா இருக்க வேண்டாமே என்று கம்ப்யூட்டர்காரரின் புலம்பலைச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்த பார்வையில் வண்டி தானாகவே வேகம் குறைந்தது.

“இதை ஏன் அப்பவே சொல்லல?”

“கம்ப்யூட்டர்காரர் பொலம்பறதெல்லாம் துப்பா சிஸ்டர்? அப்படிப் பாத்தா நான் தினமும் பத்து துப்பு கொடுக்கறேன்.”

“ஒரு தாளை எத்தனை சீட்டா வெட்டுவாங்கன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. பின்பக்கம் பார்த்தவன் நான், எண்ணிக்கையைக் கேட்கத் தோன்றாதவனும் நான்தான். மீதி வழியெல்லாம் அவர் என்னைத் திட்டவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மூன்றரை. ஆசிரியர் புகார்க் கடிதத்தை எழுதி முடித்து, மனைவியிடம் கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் தன் மேஜையைக் காலி செய்திருந்தார். கத்தரிக்கோல், பசைக் குப்பி, மூக்குக்கண்ணாடிக் கூடு. பத்தொன்பது வருஷம் ஒரு சின்னத் துணிப்பைக்குள் அடங்கிவிட்டது.

“கிடைச்சுதா?” என்றார் ஆசிரியர்.

“அஞ்சு கிடைக்காது. ஆறாவது இங்கதான் இருக்கு” என்றார் சிஸ்டர். “அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். எத்தனை போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

பதிவேட்டை வைத்துப் பெட்டியைச் சரிபார்த்ததாக அவர் சொன்னார். சிஸ்டர் பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். ஆறு சொல்லும் வரிசையாக, ஒரே நாள் தேதியில் இருந்தன. நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி.

“சகலாத்துன்னா என்ன சார்?”

“ரத்தச் சிவப்பு. குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த தொகுப்பாளரின் கை நின்றது. அவர் நிமிர்ந்து ஆசிரியரைப் பார்த்தார். பார்த்தது பயந்த பார்வை இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“அது துணி சார்” என்றார்.

“என்னது?”

“சகலாத்து, துணி. சிவப்புன்னு நினைச்சுத்தான் அன்னிக்கு ஆரம்பிச்சேன், துணின்னு முடிஞ்சுது. அது சிவப்புப் பெட்டியில இருந்ததே இல்ல. அதைப் போய்க் காணோம்னு யாரு சொன்னா?”

யார் சொன்னது என்பது எல்லாருக்கும் தெரியும். சிஸ்டர் அந்தக் காகிதத்தை முதலாளியம்மா முன்னால் விரித்து வைத்தார். ஆறு சொல், கணவரின் கையெழுத்து, புதுப் பேனா மை.

“பெட்டியை எண்ணினவங்களுக்கு அஞ்சுதான் குறையும். அவங்க அஞ்சுன்னுதான் சொன்னாங்க” என்றார் சிஸ்டர். “ஆறாவதைத் தேடிக் கிடைக்காதவருக்குத்தான் ஆறு குறையும்.”

ஆசிரியர் துணி என்று எழுதியிருந்த பெட்டியை நோக்கி ஓர் எட்டு வைத்தார். நான் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஆம்புலன்ஸ் ஓட்டியவனுக்கு வழி வாங்கவும் தெரியும், வழியை அடைக்கவும் தெரியும். அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் தொண்ணூறு கிலோ. அவர் கைதான் வலித்திருக்கும்.

தொகுப்பாளர் என்னைத் தாண்டி உள்ளே கைவிட்டார். தேடவே இல்லை, விரல் போன இடத்தில் சீட்டு இருந்தது. எடுத்துச் சிஸ்டரிடம் நீட்டினார். முன்பக்கத்தில் சகலாத்து, கீழே பொருள், கீழே அது நடந்து வந்த வழி.

“நீங்க இதுவரைக்கும் பாக்காத பக்கத்தைப் பாருங்க” என்றார் சிஸ்டர், சீட்டை வாங்காமல். “ஒரு தாளுக்கு எத்தனை சீட்டு வெட்டுவீங்க?”

“ஆறு.”

சொன்னவுடனே அவருக்கே புரிந்துவிட்டது. சீட்டைத் திருப்ப அவருக்கு மனசு வரவில்லை. முதலாளியம்மா எழுந்து வந்து, அவர் கையிலிருந்து அதை வாங்கித் திருப்பினார். சாய்வான, நெருக்கமான கையெழுத்து. அதைப் பார்த்ததும் அந்த அம்மா சீட்டைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார்.

“அப்பா எழுத்து.”

உரக்கப் படித்தார். தாளின் கடைசித் துண்டு அது, இரண்டே வாக்கியம்.

“ஆகவே தலைப்பக்கத்தில் தொகுப்பாளர் பெயர் மட்டும் வரட்டும், என் பெயரும் வேண்டாம், மாப்பிள்ளை பெயரும் வேண்டாம். அவருக்குக் கோபம் வரும், வரட்டும் அம்மா.”

கீழே அப்பா என்று கையெழுத்து. இறப்பதற்கு எட்டு நாள் முந்தைய தேதி.

மீதியைச் சிஸ்டர் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். பெரியவர் மகளுக்கு எழுதிய கடிதம் மேஜை இழுப்பறையில் இருந்திருக்கிறது. அவர் போனபின் மருமகன் அந்த இழுப்பறையை ஒரு வரிகூடப் படிக்காமல் பழைய தாள் கூடையில் கவிழ்த்தது தொகுப்பாளருக்கே நினைவிருந்தது. கூடையிலிருந்து அது கத்தரிக்கோலுக்குப் போய், ஆறு சீட்டாகி, ஒரே நாளில் ஆறு சொல் சுமந்திருக்கிறது. நாலு வருஷம் கழித்து ஸ்கேனர் பின்பக்கத்தைத் திரையில் காட்ட, மாமனார் எழுத்தை ஆசிரியர் கண்டுகொண்டார். ஐந்து துண்டு கிடைத்தது. கையெழுத்துள்ள கடைசித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. தேதியை வைத்து அது சகலாத்து என்று கண்டுபிடித்தார், சிவப்புப் பெட்டியைக் கொட்டித் தேடினார், இல்லை. தொகுப்பாளர்தான் அதை ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, அவர் பையைத் திறக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகத் தானே திருட்டுக் கூச்சல் போட்டார்.

“மீதி அஞ்சு துண்டு எங்க?” என்று கேட்டார் முதலாளியம்மா.

“கிழிச்சுத் தண்ணியில விட்டுட்டேன்” என்றார் ஆசிரியர். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் அவர் குரலில் இருந்த மரியாதையும் போய்விட்டது. “நாலு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். மேடையில பேசறது நான், பேட்டி கொடுக்கறது நான். சீட்டு எழுதறவங்களுக்கெல்லாம் தலைப்பக்கம் கொடுத்தா, பைண்டர் வந்து அட்டையைக் கேப்பான். உங்கப்பாவுக்குக் கடைசிக் காலத்துல புத்தி பிசகிடுச்சு.”

முதலாளியம்மா புகார்க் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். தொகுப்பாளர் இன்னும் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் கையாலயே வெட்டியிருக்கேன்” என்றார். “ஐயா எனக்காக எழுதினதை நானே ஆறாக்கி, அதுமேல செங்கல்னு எழுதியிருக்கேன்.” அழுதார். பையைச் சோதித்தபோதும், சோற்றைக் கிளறியபோதும் அழாதவர். சிஸ்டர் அருகில் போய் நின்றார், தொடவில்லை. எத்தனையோ பேர் அழுததைப் பார்த்த கை அது, எப்போது தொடக் கூடாது என்று அதற்குத் தெரியும்.

மணி நாலு. அச்சகத்திலிருந்து போன் வந்தது. தலைப்பக்கம் தயாரா என்று கேட்டார்கள். முதலாளியம்மா அரை மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். பிறகு மேஜைமேல் கிடந்த நகலை இழுத்து, கணவரின் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். ஒன்று போதவில்லை போலிருக்கிறது, இன்னொன்றும் போட்டார். பேனாவைத் தொகுப்பாளரிடம் நீட்டினார்.

“பேரை நீங்களே எழுதுங்க. எனக்கு உங்க இனிஷியல்கூடத் தெரியல. அதுக்கு என்னை மன்னிக்கணும்.”

தொகுப்பாளர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆயிரக்கணக்கான சொற்களை எழுதியவர் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினார்.

ஆசிரியர் வாசலில் நின்று சிரித்தார். “எழுதுங்க, எழுதுங்க. முன்னாடி போட ஒரு பட்டம் உண்டா? பட்டமில்லாத பேரை நம்பி எவன் அகராதி வாங்குவான்?”

முதலாளியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நகலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உங்ககிட்ட இருந்ததும் ஒரே பட்டம்தான். எங்கப்பாவுக்கு மருமகன். சாவியை மேஜைமேல வெச்சுட்டுப் போங்க.”

சாவி மேஜைமேல் விழுந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. கம்ப்யூட்டர்காரர் தலையைத் தூக்காமல் ஒரு சீட்டை ஸ்கேனரில் வைத்து, இரண்டு பக்கமும் எடுத்தார்.

தொகுப்பாளர் தன் பெயரை எழுதி முடித்து, ஒரு முறை படித்துப் பார்த்து, நகலை முதலாளியம்மாவிடம் கொடுத்தார். எங்களிடம் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. துணிப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். தொலைந்த ஐந்து சொல்லையும் இன்றைக்கே திரும்ப எழுத வேண்டும், நீங்கள் கிளம்பினால் வேலையைப் பார்ப்பேன் என்றார். நாங்கள் கிளம்பினோம்.